சர்வருக்குப் புதிய கெர்னல்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி ஏற்றுவது?



அத்திபெலே, பொம்மசந்திரா, ஜிகணி பகுதிகளில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் கணினி வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஆனால் எல்லாரும் எலக்ட்ரானிக் சிட்டியின் பெரிய நிறுவனங்களில் இல்லை. டிப்ளமோவோ பி.எஸ்ஸி.யோ முடித்துவிட்டு, இங்குள்ள தொழிற்பேட்டைகளின் சிறு தொழிற்கூடங்களில் ‘சிஸ்டம் அட்மின்’ என்ற பெயரில் தனி ஆளாகப் பொறுப்பேற்றிருக்கும் இளைஞர்கள் பலர். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து மேசையில் மூத்தவர் எவரும் இருக்கமாட்டார். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டது. சனிக்கிழமை இரவு பத்து மணியாகியும் பிள்ளை ஏன் வீடு திரும்பவில்லை என்று வாசலைப் பார்த்தபடி இருக்கும் பெற்றோரும் இதைப் படிக்கலாம்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு, அத்திபெலேயில் ஒரு சிறு தொழிற்கூடத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கடைசல் பிடித்த உதிரி பாகங்கள் முலாம் பூசுவதற்காக ஓசூருக்குப் போகும். பயணம் சிறிதுதான், ஆனால் இடையில் மாநில எல்லை இருக்கிறது. கூலி வேலைக்காக வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், அதன் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலும் ‘ஈ-வே பில்’ வேண்டும். சலான், பில், சம்பளக் கணக்கு எல்லாம் அந்த ஒரே சர்வரில்தான் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, “அப்டேட் வந்திருக்கிறதே, போட்டுவிடலாம்” என்று கெர்னலைப் புதுப்பித்து, சர்வரை நிறுத்தி மீண்டும் கிளப்பினேன். கிளம்பவில்லை. திரையில் நான்கைந்து ஆங்கில வரிகள் வந்து அப்படியே நின்றுவிட்டன. வாசலில் சரக்கேற்றிய இரண்டு டெம்போக்கள் காத்திருந்தன.

கைநடுக்கத்தோடு, முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. “தம்பி, பழைய கெர்னல் உள்ளேதான் இருக்கும். ஆன் பண்ணும்போது மெனுவைக் கூப்பிட்டு அதைத் தேர்ந்தெடு” என்றார். அப்படியே செய்தேன், பத்து நிமிடத்தில் சர்வர் எழுந்தது, டெம்போக்கள் கிளம்பின. அன்று நான் கற்ற பாடம்தான் இந்தக் கட்டுரையின் சாரம். ஏற்ற வேண்டிய கெர்னல் எது என்பதை ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பி வரும் வழியை வைத்துக்கொண்டே அதை ஏற்ற வேண்டும்.

கெர்னல் என்பது என்ன?

நம்மில் பலருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்து ஏரிப்பாசனக் கிராமங்கள் பூர்வீகம். அங்கே ‘நீர்க்கட்டி’ என்று ஒருவர் இருப்பார். ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்பது அவர் பொறுப்பு. எவ்வளவு பெரிய மிராசுதாரானாலும் தானாகப் போய் மடையைத் திறக்க முடியாது. நீர்க்கட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

கணினியில் கெர்னலுக்கு அந்த வேலைதான். தமிழில் இதை ‘உட்கரு’ என்றும் எழுதுகிறார்கள். செயலி, நினைவகம், வன்தட்டு, நெட்வொர்க் அட்டை ஆகியவற்றை எந்த மென்பொருளும் நேரடியாகத் தொட முடியாது. பில் போடும் மென்பொருளானாலும் டேட்டாபேஸ் ஆனாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று காவல் காப்பதும் அதுவே. ஆகவே நீர்க்கட்டி ஏமாந்தால் ஊரே பாதிக்கப்படுவது போல, கெர்னலில் ஓர் ஓட்டை இருந்தால் சர்வரில் உள்ள அனைத்துமே ஆபத்துக்குள்ளாகின்றன.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆவது வயதில், 1991 ஆகஸ்டில் இந்த லினக்ஸ் கெர்னலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தது. இன்று சிறு தொழிற்கூடத்துச் சர்வர் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வரை இதே கெர்னல் வழிவந்தவைதான் இயங்குகின்றன.

எண்களைப் படிக்கும் முறை

6.1.66 என்று ஓர் எண்ணைப் பார்த்தால், முதல் இரண்டு பகுதிகளான 6.1 என்பது வரிசையின் பெயர். கடைசியில் உள்ள 66 என்பது அந்த வரிசையில் வெளிவந்த 66-ஆவது திருத்தப் பதிப்பு. முற்காலத்தில் நடு எண் இரட்டைப்படையானால் (2.2, 2.4) நிலையானது, ஒற்றைப்படையானால் (2.3, 2.5) சோதனைக்குரியது என்ற வழக்கம் இருந்தது. 2.6 வரிசை 2003 டிசம்பரில் வந்த பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. 2.6.39-க்கு அடுத்து 2011 ஜூலையில் 3.0 வந்ததும், 5.19-க்கு அடுத்து 2022 அக்டோபரில் 6.0 வந்ததும் எண்ணைச் சுருக்குவதற்காகவே. பெரிய புரட்சி எதுவும் நடந்து அல்ல. ஆகவே 5 என்பது 6 ஆகிவிட்டது என்பதற்காக யாரும் பரபரக்க வேண்டியதில்லை.

கெர்னல்களில் நான்கு வகை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது ‘மெயின்லைன்’. லினஸ் ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியிடும் புத்தம் புதியது. புதிய வசதிகள் இதில்தான் முதலில் வரும்.

இரண்டாவது ‘ஸ்டேபிள்’. மெயின்லைன் வெளிவந்த பின் கண்டறியப்படும் பிழைகளைத் திருத்தி வெளியிடுவது. அடுத்த வரிசை வந்த சில வாரங்களில் இதன் பராமரிப்பு நின்றுவிடும்.

மூன்றாவது ‘லாங்டெர்ம்’. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் திருத்தங்கள் தருவார்கள். 5.15, 6.1, 6.6, 6.12 ஆகியவை இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை.

நான்காவது, டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் போன்ற வெளியீட்டாளர்கள் தங்கள் பயனாளர்களுக்காகத் தயாரித்துத் தரும் கெர்னல். அலுவலகச் சர்வருக்கு இதுவே ஏற்றது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் இருப்பது 5.14 கெர்னல். அந்த வரிசை 2021-இல் வந்தது. “இவ்வளவு பழையதா? உடனே மாற்ற வேண்டுமே!” என்று தோன்றும். ஆனால் ரெட் ஹாட் அந்த 5.14 என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பிற்காலத்துப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து அதில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. இதற்குப் ‘பேக்போர்ட்’ என்று பெயர். பழைய வீட்டின் கதவு எண்ணை மாற்றாமல் பூட்டையும் கம்பிகளையும் புதிதாகப் போடுவது போன்றது இது. எனவே முன் எண்ணை மட்டும் பார்த்துப் பழையது என்று முடிவு கட்டக்கூடாது. அதற்குப் பின்னால் வரும் வெளியீட்டாளரின் எண்ணையும், அவர்கள் வெளியிடும் பாதுகாப்பு அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்காமல் இருந்தால் என்ன?

“ஓடுகிற சர்வரை ஏன் தொட வேண்டும்? நானூறு நாளாக நிற்காமல் ஓடுகிறது!” என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

2016 அக்டோபரில் ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை வெளியாயிற்று. படிக்க மட்டுமே உரிமை தரப்பட்ட ஒரு கோப்பில், சாதாரணப் பயனாளர் ஒருவர் எழுதிவிட முடியும் என்பதே அதன் சாராம்சம். அதாவது, சர்வரில் கணக்கு உள்ள எவரும் அதன் தலைமை அதிகாரத்தைக் கைப்பற்றிக்கொள்ளலாம். அது 2007-இல் வந்த 2.6.22 கெர்னலிலிருந்தே இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக வீட்டுப் பின்கதவு தாழிடாமல் இருந்தது போலாயிற்று.

அடுத்தது 2022 மார்ச்சில் வெளியான ‘டர்ட்டி பைப்’. இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. மேக்ஸ் கெல்லர்மன் என்ற ஜெர்மன் நிரலாளரிடம், பதிவுக் கோப்பு ஒன்றைப் பிரித்தால் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்தது. சில்லறைப் புகார் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. கெட்டுப்போன கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போய், பிழை கெர்னலிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். 5.8 முதலான கெர்னல்களில் அந்த ஓட்டை திறந்திருந்தது, 5.10.102, 5.15.25, 5.16.11 ஆகிய திருத்தப் பதிப்புகளில் அடைக்கப்பட்டது. மூன்று வரிசைகளுக்கும் தனித்தனியே திருத்தம் வந்ததைக் கவனியுங்கள். 5.10 வைத்திருந்தவர் 5.16-க்குத் தாவ வேண்டிய தேவையே இல்லை. தம் வரிசையிலேயே 102-க்கு வந்தால் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய கெர்னலை நிறுவிவிட்டு, சர்வரை மறுபடி கிளப்பாமல் விட்டுவிட்டால் பயனில்லை. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான். நானூறு நாள் நிற்காத சர்வர் என்றால், நானூறு நாள் பழைய கெர்னல் என்றே பெரும்பாலும் பொருள். மறுதொடக்கம் இல்லாமலே ஓட்டையடைக்கும் ‘லைவ் பேட்ச்’ முறையின் அடிப்படை 2015-இல் 4.0 கெர்னலில் சேர்ந்தது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் எல்லாத் திருத்தங்களையும் அதனால் தர இயலாது. ஒரு நாள் நிறுத்திக் கிளப்பத்தான் வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 9-ஆம் தேதி டெபியன் 12.3 வெளிவர இருந்தது. அதில் இருந்த கெர்னல் 6.1.64. லாங்டெர்ம் வரிசை, நம்பிக்கைக்குரியது. ஆயினும் கடைசி நேரத்தில் வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். ஈ.எக்ஸ்.டி.4 என்ற கோப்பமைப்பில், சில வகை எழுதுதலின்போது தகவல் சிதைந்துபோகக்கூடும் என்று தெரியவந்ததே காரணம்.

பிழை எப்படி நேர்ந்தது? மெயின்லைனில் ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். அது சரியாக வேலை செய்ய, அதற்கு முன் வந்த இன்னொரு மாற்றமும் தேவை. 6.1 வரிசைக்குக் கொண்டுவரும்போது திருத்தம் வந்தது. முன்தேவையான மாற்றம் வரவில்லை. புதிய வண்டியின் உதிரி பாகத்தைப் பழைய வண்டியில் மாட்டும்போது, அதற்குரிய வாஷரை மறந்துவிட்ட கதைதான். மறுநாளே, டிசம்பர் 10-ஆம் தேதி, 6.1.66 கெர்னலோடு டெபியன் 12.4 வந்தது. ஆனால் அதற்குள் தானியங்கி முறையில் புதுப்பித்துக்கொண்ட கணினிகளில் 6.1.64 போய்ச் சேர்ந்திருந்தது.

ஆக, தள்ளிப்போடுவதிலும் ஆபத்து, தாவுவதிலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல வழி இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களையே நீங்கள் ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இப்போது ஓடுவது எது? ‘யூநேம்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘ஆர்’ எழுத்தும் சேர்த்தால் திரை சொல்லிவிடும். நிறுவப்பட்டது எது என்பதும் ஓடுவது எது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

2. உங்கள் லினக்ஸ் வெளியீட்டுக்கு இன்னும் ஆதரவு உண்டா? 3.10 கெர்னலோடு வந்த சென்ட்.ஓ.எஸ். 7-க்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அத்தகைய சர்வரில் வெளியிலிருந்து ஒரு புதுக் கெர்னலை மட்டும் கொண்டுவந்து மாட்டுவது, இடிந்த சுவருக்குப் புதுக் கதவு போடுவதாகும். அங்கே முழு வெளியீட்டையே மாற்றத் திட்டமிட வேண்டும்.

3. இந்தத் திருத்தம் எதை அடைக்கிறது? வெளியீட்டாளரின் அறிவிப்பைப் படியுங்கள். இணையத்திலிருந்தே நுழையக்கூடிய ஓட்டையா, சர்வரில் கணக்கு உள்ளவர் மட்டும் பயன்படுத்தக்கூடியதா, உங்களிடம் இல்லாத சாதனம் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். முதல் வகைக்கு அன்றே நடவடிக்கை வேண்டும். கடைசி வகை அடுத்த மாத வழக்கமான பராமரிப்பு வரை காத்திருக்கலாம்.

4. வெளியார் தந்த டிரைவர் ஏதும் இருக்கிறதா? சில ரெய்டு அட்டைகள், கிராபிக்ஸ் அட்டைகள் முதலியவற்றின் டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும். ‘டி.கே.எம்.எஸ்.’ என்ற ஏற்பாடு இதைத் தானாகச் செய்யும். செய்ததா என்று பார்ப்பது நம் வேலை.

5. வரிசையையே மாற்ற வேண்டிய கட்டாயம் உண்டா? புதிதாக வாங்கிய சர்வரின் நெட்வொர்க் அட்டையைப் பழைய கெர்னல் அடையாளம் காணவில்லை என்றால், அது நியாயமான காரணம். அப்போதும் வெளியீட்டாளரே தரும் புதிய வரிசையை எடுப்பது நல்லது. உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளில் இதற்கென்றே ‘எச்.டபிள்யூ.இ.’ என்ற தனிக் கெர்னல் உண்டு. டெபியனில் ‘பேக்போர்ட்ஸ்’ கிடங்கு உண்டு.

இந்த ஐந்துக்கும் விடை எழுதினால் பெரும்பாலும் கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: வெளியீட்டாளர் தரும் அதே வரிசையின் அண்மைத் திருத்தம். அவசர ஓட்டை இல்லையென்றால் சில நாட்கள் பொறுத்து, பிறருக்குத் தொல்லை ஏதும் நேர்ந்ததா என்று பார்த்த பிறகு அதை ஏற்றலாம்.

எப்படி ஏற்றுவது?

முதற்படி, பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். பேக்கப் உள்ள தட்டு அந்தச் சர்வரிலேயே மாட்டியிருக்கக்கூடாது.

இரண்டாவது, இடம் பார்த்தல். ‘பூட்’ என்ற டைரக்டரியில்தான் கெர்னல் கோப்பும், அதற்குத் துணையான ‘இனிட்ராம்.எஃப்.எஸ்.’ என்ற கோப்பும் இருக்கும். வன்தட்டைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் இந்தத் துணைக் கோப்பில்தான் உள்ளன. ‘டி.எஃப்.’ கட்டளையால் அங்கே எவ்வளவு இடம் உள்ளதென்று பாருங்கள். 2019-இல் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பல ஆண்டுப் பழைய கெர்னல்கள் சேர்ந்து இடம் நிரம்பியிருந்தது. புதிய துணைக் கோப்பு உருவாகவே இல்லை. “இடம் இல்லை” என்று திரையில் ஒரு வரி வந்திருக்கிறது. நான்தான் படிக்காமல் மறுதொடக்கம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, ஒத்திகை. அதே வெளியீடு உள்ள பழைய கணினி ஒன்றிலோ, மெய்நிகர் கணினியிலோ முதலில் ஏற்றிப் பார்க்கவும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஓசூர்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அப்படியொன்று பரணில் தூங்கிக்கொண்டிருக்கலாம். லினக்ஸ் பழக அது போதும்.

நான்காவது, நிறுவுதல். டெபியன், உபுண்டுவில் ‘ஆப்ட்’ கருவி. ரெட் ஹாட், அல்மா, ராக்கி வகையில் ‘டி.என்.எஃப்.’ கருவி. இரண்டுமே பொதுவாகப் பழைய கெர்னலின் மேல் புதியதை எழுதுவதில்லை. பக்கத்தில் புதியதாக வைக்கின்றன. டெபியன் வகையில், சமீபத்திய கெர்னலைச் சுட்டும் பெயர்ப் பொட்டலம் ஒன்று உண்டு. அது நிறுவப்பட்டிருந்தால்தான் புதிய கெர்னல்கள் தொடர்ந்து வரும். யாரோ முன்பு அதை நீக்கியிருந்தால், ஆண்டுக்கணக்கில் ‘அப்டேட்’ செய்தும் கெர்னல் மாறாமலே இருக்கும்.

ஐந்தாவது, சரிபார்த்தல். மறுதொடக்கத்துக்கு முன் ‘பூட்’ டைரக்டரியைப் பாருங்கள். புதிய எண்ணோடு கெர்னல் கோப்பும் துணைக் கோப்பும் இரண்டும் இருக்க வேண்டும். துணைக் கோப்பின் அளவு பழையதன் அளவுக்கு ஏறத்தாழ இருக்க வேண்டும். மிகச் சிறியதாக இருந்தால் அரைகுறை என்று பொருள்.

ஆறாவது, ஒரு முறை மட்டும் என்ற ஏற்பாடு. கணினியைக் கிளப்பும் ‘கிரப்’ நிரலில் அருமையான வசதி ஒன்று உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் ‘டிஃபால்ட்’ என்பதற்கு ‘சேவ்ட்’ என்று கொடுத்து, பழைய கெர்னலையே வழக்கமானதாகப் பதிந்துவிடுங்கள். பிறகு ‘கிரப்-ரீபூட்’ கட்டளையால், அடுத்த ஒரு முறை மட்டும் புதியதில் கிளம்பச் சொல்லுங்கள். கூடவே ‘பேனிக்’ என்ற அளவுருவுக்கு 30 என்று கொடுத்தால், புதிய கெர்னல் கிளம்பும்போதே விழுந்துவிட்டால் 30 நொடி கழித்துத் தானே மறுதொடக்கமாகும். அப்போது பழைய கெர்னல் எழுந்துவிடும். தொலைவில் உள்ள சர்வருக்கு இது பெரிய காப்பு. ரெய்டு, எல்.வி.எம். பிரிவுகளில் சில வேளை இந்தக் குறிப்பைக் கிரப்பால் அழித்தெழுத முடியாமல் போகும் என்பதால், ஒத்திகையில் இதையும் சோதியுங்கள்.

ஏழாவது, நேரம் பார்த்து மறுதொடக்கம். வெள்ளி மாலை வேண்டாம்; சரக்கு கிளம்பும் நேரம் வேண்டாம்; மின்சாரம் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது வேண்டவே வேண்டாம். சர்வர் இருக்கும் இடத்தில் நீங்களே இருங்கள். கிளம்பாவிட்டால், கிளம்பும் தறுவாயில் ‘ஷிப்ட்’ அல்லது ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் உபுண்டுவில் மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்டு’ என்று தொடங்கும் வரிக்குள் பழைய கெர்னல் இருக்கும்.

எட்டாவது, ஏறிய பின் பார்த்தல். மறுபடியும் ‘யூநேம்’. பிறகு வன்தட்டுகள் எல்லாம் வந்தனவா, நெட்வொர்க் வந்ததா, டேட்டாபேஸ் எழுந்ததா, பிரிண்டரில் ஒரு சலான் அச்சாகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ‘டிமெசேஜ்’ என்று வழங்கும் கெர்னல் பதிவிலும் ஒரு கண் வையுங்கள். எல்லாம் சரியென்றால் புதியதை வழக்கமானதாகப் பதியலாம்.

பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். போகிப் பண்டிகைக்குப் பழம்பாயை எரிப்பது போல இங்கே எரிக்கக்கூடாது. ஓடுவது ஒன்றும், முன்பு நன்றாக ஓடியது ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். டி.என்.எஃப். தானாகவே மூன்று கெர்னல்களை வைத்துக்கொண்டு அதற்கு முந்தியவற்றை நீக்கும். ஆப்ட் வகையில் ‘ஆட்டோரிமூவ்’ என்று அவ்வப்போது கொடுத்துவந்தால் ‘பூட்’ நிரம்பாது.

கெர்னல் நடுவில் விழுந்தால்?

சில வேளை புதிய கெர்னல் நன்றாகக் கிளம்பி, பத்து நாள் கழித்து விழும். காரணம் தெரிய ஒரு வழி உண்டு. ‘கேடம்ப்’ என்ற ஏற்பாடு, நினைவகத்தில் சிறு பகுதியை ஒதுக்கி அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்த கணத்தில் இது எழுந்து, என்ன நடந்தது என்பதற்கான நினைவகப் பிரதியை வன்தட்டில் எழுதிவைக்கும். 2005-இல் 2.6.13 கெர்னலில் சேர்ந்த இந்த வசதியை உருவாக்கியதில், நம் பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகெங்கும் சர்வர் விழும்போது கைகொடுக்கும் ஒரு கருவிக்கு இந்த ஊரிலும் வேலை நடந்திருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

நிறைவாக

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வருக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, பழைய கெர்னல் எண், புதிய கெர்னல் எண், ஏன் மாற்றினோம், என்ன நடந்தது என்ற ஐந்து விவரமும் கையால் எழுதுங்கள். சர்வர் படுத்துவிட்டால், அதற்குள் சேமித்த குறிப்பைப் படிக்க முடியாது. நாளை உங்கள் இடத்துக்கு வரும் இன்னொரு பிள்ளைக்கும் அந்த நோட்டு மூத்தவராக நின்று வழிகாட்டும்.

தொழிற்கூடம் நடத்தும் அன்பர்களுக்கும் ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சர்வர் நிற்கட்டும் என்று நீங்களே அனுமதி கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தைக் கொடுக்காத இடங்களில்தான் பையன்கள் திருட்டுத்தனமாக வெள்ளிக்கிழமை மாலை வேலை பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

பெற்றோர்களே! அப்படியொரு ஞாயிறு காலை பிள்ளை சீக்கிரம் கிளம்பினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அத்திபெலேயிலிருந்து ஓசூருக்குப் போகும் சரக்கு திங்கட்கிழமை தடையின்றிக் கிளம்புவதற்கும், அறுபது எழுபது குடும்பங்களின் சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் வருவதற்கும் வேண்டிய வேலைக்குத்தான் அவன் போகிறான். இரண்டு இட்லியைக் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.